களி டப்பாவுக்கு ஒரு சான்றிதழ்

கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவர்களுடைய சட்டப் பிரிவு எனக்குக் கடிதம் போடும். அதற்கு நான் பதில் போட வேண்டும். எனக்கு வேறு வேலை இருக்கிறது. ஓசூரில், லாரி பிரேக்குக்குள் போகும் ஒரு வளையத்தைச் செய்கிற கம்பெனி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வளையத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன்னால் பெங்களூரிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். மூன்று நாள் உற்பத்திக் கூடத்தின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேலை செய்பவர்கள் விடும் கொட்டாவிகளை எண்ணினார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் ஆளுக்கு மணிக்குப் பதினொரு கொட்டாவி. காரணம் சோறு என்று அறிக்கை கொடுத்தார். அடுத்த மாதம் கேன்டீனில் சோறு நின்றது. காலையில் கோதுமை ரவை உப்புமா, மதியம் சப்பாத்தியும் குருமாவும், நாலு மணி டீக்கு ராகி பிஸ்கட். அந்த பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், அதில் இருக்கும் முதல் சரக்கு மைதா. அதற்குப் பிறகு கொட்டாவி குறைந்ததா என்று யாரும் எண்ணவில்லை. எண்ணுபவர் ஊருக்குப் போய்விட்டார்.

வீட்டுச் சாப்பாடு கொண்டுவரலாமா என்றால், கூடாது. எப்போதோ ஒரு வளையப் பெட்டிக்குள் மாங்காய் ஊறுகாய்த் துண்டு ஒன்று விழுந்து, புனே வரைக்கும் போய், அங்கிருந்து புகாராகத் திரும்பி வந்திருந்தது. அன்றிலிருந்து டிபன் டப்பா கேட்டைத் தாண்டுவதில்லை. கேட்டில் நிற்கும் வெங்கடப்பன் மூன்று மொழிக்காரர். தமிழில் ‘கூடாது’ என்பார், கன்னடத்தில் ‘பேடா’ என்பார், தெலுங்கில் ‘வத்து’ என்பார். மூன்றுக்கும் நடுவே சந்து கிடையாது.

இந்தக் கம்பெனியில்தான் ஆஞ்சப்பன் கடைசல் மிஷின் ஓட்டுகிறான். வயது முப்பத்தாறு. சொந்த ஊர் பாரூர் ஏரிக்குப் பக்கம். மூக்கண்டப்பள்ளியில் ஒற்றை அறை வீட்டில் மனைவி சாந்தம்மாவோடு குடியிருக்கிறான். பிறந்ததிலிருந்து ராகிக் களியும் சோறும் தின்று வளர்ந்த உடம்பு. சப்பாத்தி அவனுக்கு ஓட்டல் போர்டில் படிக்கிற பொருள். கேன்டீன் மாறிய ஆறாவது மாதம் அவன் எடை அறுபத்தொன்றிலிருந்து நாற்பத்தொன்பதுக்கு வந்தது. வயிறு உப்பி நிற்கும், கையும் காலும் குச்சியாக இருக்கும். வேலை நேரத்தில் ஒன்பது தடவை கக்கூசுக்கு ஓடுவான்.

கம்பெனி டாக்டர் ஆனந்தராஜ் செவ்வாய், வெள்ளி பதினொரு மணிக்கு வருவார், பன்னிரண்டரைக்குப் போவார். முதலில் பூச்சி மாத்திரை கொடுத்தார். பிறகு கேஸ் மாத்திரை. பிறகு ரத்தம் குறைவு என்று இரும்பு மாத்திரை. பிறகு மறுபடியும் பூச்சி மாத்திரை. இந்த வட்டத்தில் ஒரு வருடம் போனது. பெரியப்பா காரியத்துக்கு ஊருக்குப் போன ஆஞ்சப்பன் அங்கே பதினாறு நாள் களியும் சோறும் சாப்பிட்டான். வயிறு சத்தமே போடவில்லை. திரும்பி வந்து ஒரு சப்பாத்தி சாப்பிட்டான், அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. அவனுக்கே விஷயம் புரிந்துவிட்டது. புரிந்ததைப் போய் டாக்டரிடம் சொன்னான். அங்கேதான் தப்புச் செய்தான்.

"கோதுமை ஒத்துக்காத நோயா? அது வடக்கத்தி நோய்ப்பா. உனக்கு எந்த ஊரு?"

"பாரூர் பக்கமுங்க சார்."

"பாரூர்ல கோதுமை வெளையுதா?"

"இல்லீங்க. நெல்லு, கரும்பு."

"அப்புறம் எப்படி உனக்கு வரும்?" என்று கேட்டுவிட்டு டாக்டர் பூச்சி மாத்திரை எழுதினார்.

ஆஞ்சப்பன் கேன்டீனுக்குப் போவதை நிறுத்திக்கொண்டான். விடியற்காலையில் சாந்தம்மா கிண்டிக் கொடுக்கும் களியைத் தின்றுவிட்டு வருவான், சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவான். நடுவில் தண்ணீர். வயிறு சரியானது, தலை சுற்றியது. மூன்றாவது மாதம் ஒருநாள் மிஷின் மேலேயே சாய்ந்தான். கை நூலிழையில் தப்பியது. கம்பெனிக் கணக்கில் இதற்கு ‘நேராத விபத்து’ என்று பெயர். நேர்ந்த விபத்துக்கு ஆம்புலன்ஸ் வரும், நேராத விபத்துக்கு மீட்டிங் வரும்.

மீட்டிங்கை நடத்தியவர் மனிதவள மேலாளர் பிரேம்குமார். தடித்த கண்ணாடிக்காரர், நல்ல மனிதர். யாரையும் திட்ட மாட்டார், எதையும் செய்யவும் மாட்டார். கம்பெனி வழக்கப்படி ஐந்து தடவை ‘ஏன்’ கேட்டு மூல காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வெள்ளைப் பலகையில் அவரே எழுதினார். ஆஞ்சப்பன் ஏன் விழுந்தார்? சாப்பிடவில்லை. ஏன் சாப்பிடவில்லை? சப்பாத்தி சேரவில்லை. ஏன் வேறு சாப்பிடவில்லை? டப்பாவுக்கு அனுமதி இல்லை. ஏன் அனுமதி இல்லை? விதி. ஐந்தாவது ‘ஏன்’ என்று எழுதி அவர் மார்க்கரைத் தூக்கியபோது டீ வந்துவிட்டது. டீ குடித்து முடித்ததும் மூல காரணம் என்ற கட்டத்தில் ‘ஊழியரின் குடல்’ என்று எழுதினார். பொறுப்பாளர்: ஆஞ்சப்பன். சரிசெய்து முடிக்க வேண்டிய தேதி: முப்பது.

"சார், ஒரு களி டப்பா மட்டும் கொண்டாற வுடுங்க சார். வேற எதுவும் கேக்கல" என்றான் ஆஞ்சப்பன்.

"தாராளமா கொண்டு வாங்க. ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் மட்டும் குடுங்க" என்றார் பிரேம்குமார். "தப்பா நெனைக்காதீங்க. நீங்க நம்ம குடும்பம். அதனாலதான் ஆதாரம் கேக்கறோம். வெளி ஆளா இருந்தா சொன்னதுமே நம்பியிருப்போம்."

பாகலூர் ரோட்டில் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே வயிற்று டாக்டர் அருணா. அவன் சொன்னதை முழுதாகக் கேட்ட முதல் ஆள் அவர்தான். "சீலியாக் மாதிரி இருக்கு, கோதுமை ஒத்துக்காத நோய். ரத்தத்துல ஒரு டெஸ்ட் இருக்கு, எடுத்துடலாம்" என்றார். எடுத்தார்கள். இரண்டு நாளில் ரிப்போர்ட் வந்தது. எல்லாம் நார்மல்.

டாக்டர் அருணா ரிப்போர்ட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "கோதுமை சாப்பிட்டுக்கிட்டுதானே இருக்கீங்க?"

"இல்லீங்க மேடம். நிறுத்தி மூணு மாசம் ஆச்சு."

"அய்யோ, அதை நான் முதல்லயே கேட்டிருக்கணும்" என்று நெற்றியில் கை வைத்துக்கொண்டார். கோதுமை உள்ளே போனால்தான் உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடும், அந்தச் சண்டையைத்தான் ரத்தத்தில் பார்க்கிறோம், எதிரியே வராதபோது சண்டை எங்கே இருக்கும் என்று விளக்கினார். "மறுபடியும் தினமும் சாப்பிடணும். ஆறு வாரமாவது. அப்புறம் ரத்தம் பாக்கணும். அதுல வந்தா எண்டோஸ்கோபி பண்ணி சின்னக் குடல்ல துண்டு எடுத்துப் பாக்கணும். கஷ்டம்தான் ஆஞ்சப்பன், எனக்கும் தெரியுது. ஆனா சான்று வேணும்னா வேற வழி இல்ல."

ஆஞ்சப்பன் இந்தச் செய்தியைக் கம்பெனிக்குக் கொண்டுபோனான். கேட்ட பிரேம்குமாருக்கு முகம் மலர்ந்தது.

"இது நம்ம சிஸ்டம்தாங்க!" என்றார். "ஒரு வளையத்துல குறைன்னு கஸ்டமர் சொன்னா நாம என்ன பண்றோம்? அதே குறைய நம்ம பிளான்ட்ல திரும்ப வரவழைச்சுக் காட்டச் சொல்றோம். வந்தாதான் குறை, வரலேன்னா கஸ்டமர் பொய் சொல்றான். டாக்டரும் அதையே சொல்லியிருக்காங்க. நம்ம முறை மெடிக்கல் ஃபீல்டு வரைக்கும் போயிருக்கு பாருங்க."

குறையைத் திரும்ப வரவழைக்கும் பணி அந்தத் திங்கட்கிழமை தொடங்கியது. நாற்பத்திரண்டு நாள், நாளுக்கு நான்கு சப்பாத்தி. அதை எண்ணிப் பதிவு செய்ய யுவஸ்ரீ என்ற பயிற்சி ஊழியரை நியமித்தார்கள். தட்டு நிறைந்திருக்கும்போது ஒரு போட்டோ, காலியானதும் ஒரு போட்டோ. பாவம், எம்.பி.ஏ. படித்த பெண்.

"அண்ணா, கொஞ்சம் சிரிங்கண்ணா. போன போட்டோவுல மொகம் சரியில்லன்னு சார் சொன்னாரு" என்பாள்.

இரண்டாவது வாரம் வாய் முழுக்கப் புண். மூன்றாவது வாரம் அவனுக்கு ஒரு மெமோ வந்தது: கழிப்பறையில் நாளொன்றுக்கு எழுபது நிமிடம் செலவிடுவதற்கு விளக்கம் தருக. ‘கம்பெனி உத்தரவுப்படி குறையைத் திரும்ப வரவழைத்துக்கொண்டிருக்கிறேன்’ என்று அவன் எழுதிக் கொடுத்தான். விளக்கம் ஏற்கப்பட்டது, சம்பளத்தில் பிடித்தமும் செய்யப்பட்டது.

வீட்டில் சாந்தம்மா அவனைத் திட்டவில்லை, கம்பெனியைத் திட்டினாள். "நல்லா இருக்கற மனுசனுக்கு நோவு வரவெச்சு, அப்பறம் நோவு இருக்குதுன்னு எழுதிக் குடுப்பாங்களாமா? இது எந்த ஊரு நாயம்? வாய்யா, பாரூருக்கே போயிடலாம்."

"பத்து வருச சர்வீசு சாந்தா. ஊர்ல நமக்கு என்னா இருக்குது? ஒரு டப்பா களிக்காவ வுட்டுட்டுப் போறதா?"

"அந்த ஒரு டப்பா களிக்காவத்தான் உசுர வுட்டுட்டு இருக்கற நீ" என்றாள். சொன்ன பிறகு அவளே அழுதாள்.

நாற்பத்து மூன்றாம் நாள் ரத்தம் எடுத்தார்கள். பதினைந்தைத் தாண்டினாலே தவறு என்ற இடத்தில் நூற்று எண்பத்து நான்கு வந்திருந்தது. ஆஞ்சப்பன் பத்தாம் வகுப்பில்கூட இவ்வளவு எடுத்ததில்லை. ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு பிரேம்குமாரிடம் ஓடினான்.

அடுத்தது எண்டோஸ்கோபி. அதற்குக் காப்பீட்டு நிறுவனம் முன் அனுமதி தர வேண்டும். பத்து நாள் கழித்து அவர்களிடமிருந்து பதில் வந்தது: ‘ரத்தப் பரிசோதனையில் நோய் தெரிந்துவிட்டதால் எண்டோஸ்கோபி தேவையற்றது. அனுமதி மறுக்கப்படுகிறது.’ இதைக் காட்டி, ரத்தப் பரிசோதனை ஒன்றே போதுமா என்று பிரேம்குமாரிடம் கேட்டான். "உங்க ரிப்போர்ட்ல டாக்டரே ‘உறுதி செய்ய எண்டோஸ்கோபி தேவை’ன்னு எழுதியிருக்காங்களே" என்றார் அவர். டாக்டர் அருணா காப்பீட்டுக்குக் கடிதம் எழுதினார். இணைப்பில் கை தவறிப் பழைய நார்மல் ரிப்போர்ட்டும் போய்விட்டது. இந்தமுறை பன்னிரண்டு நாளில் பதில் வந்தது: ‘ரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாததால் எண்டோஸ்கோபி தேவையற்றது. அனுமதி மறுக்கப்படுகிறது.’

இந்த இருபத்திரண்டு நாளும் சப்பாத்தியை நிறுத்த முடியாது. நிறுத்தினால் குடல் தேறத் தொடங்கிவிடும், தேறினால் எண்டோஸ்கோபியில் தெரியாமல் போகலாம். யுவஸ்ரீயும் போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தாள். மூன்றாவது கடிதத்துக்கு அனுமதி வந்தது. ஏன் வந்தது என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. அப்போது ஆஞ்சப்பன் நாற்பத்தைந்து கிலோ.

எண்டோஸ்கோபிக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் கழித்துச் சப்பாத்தி சாப்பிட வேண்டாத முதல் நாள் அது. ஆஞ்சப்பன் திருவிழாவுக்குப் போகிறவனைப் போலக் கிளம்பினான். தொண்டையில் மருந்து அடித்தார்கள், வாயில் ஒரு வளையத்தைக் கடிக்கக் கொடுத்தார்கள், ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கறுப்புக் குழாயை உள்ளே விட்டார்கள். "முழுங்குங்க, முழுங்குங்க" என்றார் டாக்டர் அருணா. இவ்வளவு நாள் முழுங்கியதற்கு இது பெரிய விஷயமில்லை என்று அவன் விழுங்கினான். ஆறு துண்டு எடுத்தார்கள்.

ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. "நல்ல குடலோட உள்பக்கம் துண்டு மாதிரி இருக்கணும், குளிச்சுட்டுத் துவட்டற துண்டு. சின்னச் சின்ன நூல் எழும்பி நிக்கும். அதுலதான் சத்து ஒட்டும். உங்களுக்கு அத்தனையும் தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. சீலியாக்தான், சந்தேகமே இல்ல" என்றார் டாக்டர். ஆயுசு முழுக்கக் கோதுமை, மைதா, ரவை, பார்லி கூடாது. கடைப் பெருங்காயத்தில்கூட கோதுமை மாவு கலந்திருக்கும், பார்த்து வாங்க வேண்டும். களியும் சோறும் தாராளமாகச் சாப்பிடலாம். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

‘ஆயுசு முழுக்க’ என்ற வரியைச் சாந்தம்மா இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னாள். உனக்கு ஆயுசுக்கும் நோய் என்று சொன்னதைக் கேட்டு ஒரு வீட்டில் பாயசம் வைத்தார்கள் என்றால் அது அந்த வீடாகத்தான் இருக்கும். அரிசிப் பாயசம்.

களி டப்பாவுக்கு அனுமதி கிடைத்தது. கம்பெனியில் அளவுக் கருவிகளுக்கெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை சரிபார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதே ஸ்டிக்கரை டப்பாவிலும் ஒட்டினார்கள். பொருள்: களி. எண்ணிக்கை: ஒன்று. அடுத்த சரிபார்ப்பு: பன்னிரண்டு மாதத்தில். வெங்கடப்பன் தினமும் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, டப்பாவைத் திறந்து களி ஒன்றுதானா என்று எண்ணிவிட்டு, சல்யூட் அடித்து உள்ளே விட்டார்.

அந்த ஒரு வருடம் ஆஞ்சப்பன் மனிதனாக இருந்தான். ஐம்பத்தொன்பது கிலோ. வாயில் புண் இல்லை, ஒருநாள் விடுப்பு இல்லை. அவன் மிஷினில் கழிவு குறைந்தது. மாதத்தின் சிறந்த ஊழியர் என்று நோட்டீஸ் போர்டில் படம்கூடப் போட்டார்கள்.

பன்னிரண்டாவது மாதம் சரிபார்ப்புக்காக ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தான். நார்மல்.

பிரேம்குமார் எழுந்து நின்று கைகொடுத்தார். "கங்கிராட்ஸ் ஆஞ்சப்பன்! குணமாயிட்டீங்க. டப்பாவ ஸ்டோர்ல ஒப்படைச்சுடுங்க."

"சார், களி தின்னதாலதான் சார் நார்மலு. சப்பாத்தி தின்னா மறுக்காவும் வந்துரும். டாக்டரம்மா ஆயுசு முழுக்கன்னு எழுதியிருக்காங்க பாருங்க."

"அது டாக்டரோட ஆயுசு. நம்ம ஃபார்ம்ல அதிகபட்சம் பன்னெண்டு மாசம்தான் இருக்கு." பிரேம்குமார் உண்மையாகவே அவனுக்கு உதவ நினைத்தார். "நோய் இல்லாதவருக்கு நோயாளி அனுமதி குடுத்தா ஆடிட்ல நான் மாட்டுவேன். நோய் இருக்குன்னு காட்டுங்க, நாளைக்கே ஸ்டிக்கர் ஒட்டறேன். வழக்கம்போல நாப்பத்திரெண்டு நாள். இனிமே வருசா வருசம் காலண்டர்லயே போட்டுடறேன். ஒன்றரை மாசம் நோயாளியா இருந்தீங்கன்னா, பத்தரை மாசம் ஆரோக்கியமா இருக்கலாம். கணக்குப் பாத்தா உங்களுக்குத்தான் லாபம்."

ஆஞ்சப்பன் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்று அவனுக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது.

"சார், அந்தக் கண்ணாடி போட்டா உங்களுக்கு நல்லாத் தெரியுதுங்களா?"

"நல்லாத் தெரியுதே."

"அப்ப கண்ணுல கோளாறு இல்ல. கழட்டிக் குடுங்க. ஆறு வாரம் இல்லாம இருந்து, செவுத்துல ரெண்டு தடவ முட்டிக்கிட்டு வாங்க, திருப்பித் தரேன்."

பிரேம்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். அவருக்கு உறைத்துவிட்டது என்று ஆஞ்சப்பன் நினைத்தான். உறைக்கத்தான் செய்தது. "இது ரொம்ப நல்ல பாயின்ட் ஆஞ்சப்பன். இத்தனை வருசமா இதை நாம விட்டிருக்கோம் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே குறித்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் சுற்றறிக்கை தொங்கியது: ‘உற்பத்திப் பிரிவில் கண்ணாடி அணியும் ஊழியர்கள் நாற்பத்தொரு பேரும், தங்களுக்குப் பார்வைக் குறை தொடர்வதை உறுதிசெய்யும் பொருட்டு, ஆண்டுக்கு ஆறு வாரம் கண்ணாடியின்றிப் பணியாற்ற வேண்டும். நிர்வாகப் பிரிவுக்கு விலக்கு உண்டு. இந்தச் சீரிய யோசனையை வழங்கியவர்: திரு. ஆஞ்சப்பன், கடைசல் பிரிவு.’ சிறந்த யோசனைக்கான பரிசாக அவனுக்கு ஒரு பெட்டி பிஸ்கட் கொடுத்தார்கள்.

நாற்பத்தொரு பேரில் நாற்பது பேர் அவனிடம் பேசுவதை நிறுத்தினார்கள். பேசிய ஒரே ஆள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தங்கதுரை. திருநெல்வேலிக்காரர். கண்ணாடி இல்லாமல் அவர் வண்டி ஓட்டுவது ஆபத்து என்று நிர்வாகம் யோசித்து, வண்டிக்கு முன்னால் விசிலோடு ஓர் ஆளை நடக்க விட்டிருந்தது.

ஆஞ்சப்பனுக்கும் அந்தத் திங்கட்கிழமையே நாற்பத்திரண்டு நாள் மறுபடி தொடங்கியிருந்தது. மூன்றாவது நாள் மதியம் தங்கதுரை மேசைகளைத் தடவிக்கொண்டே வந்து ஆஞ்சப்பனுக்கு எதிரில் உட்கார்ந்தார். யுவஸ்ரீ முதல் போட்டோவை எடுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போயிருந்தாள். ஆஞ்சப்பன் ஒரு சப்பாத்தியைத் தின்றுவிட்டு, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான்.

"என்னடே, ரொம்ப வலிக்கா?"

தங்கதுரை கையை நீட்டி அவன் தட்டிலிருந்த மூன்று சப்பாத்தியையும் அள்ளித் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.

"அண்ணா, அது என்னுது."

"எனக்குத்தான் கண்ணு தெரியாதுல்லா. எது யார் தட்டுன்னு நான் என்னத்தக் கண்டேன்? அந்தப் பிள்ளைக்குத் தட்டு காலியா இருந்தாப் போதும். நீ எந்திரிச்சுப் போய் ரெண்டு வாழைப்பழம் தின்னு, போ" என்று தங்கதுரை முதல் சப்பாத்தியைக் கிழித்தார்.

ஆஞ்சப்பன் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்தான். "குடுங்கண்ணா. நார்மல்னு வந்துட்டா இன்னும் ஒரு வருசத்துக்கு இதத்தாண்ணா திங்கணும். நான் நோவாளியாவணும். தயவு பண்ணிக் குடுத்துடுங்க."

தங்கதுரை அவன் முகம் இருந்த பக்கமாக உற்றுப் பார்த்தார். பிறகு சப்பாத்திகளைத் திருப்பி வைத்தார். கிழித்த துண்டையும் வைத்தார். ஆஞ்சப்பன் அவற்றை ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, யாரும் எடுத்துவிடாதபடி இடது கையால் தட்டை அணைத்துக்கொண்டு தின்னத் தொடங்கினான்.